ரயில் நின்றால் வாடகை ஏறுமா? வெஸ்டனும் விமான நிலைய ரயிலும்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பலகைகள் பழக்கம். ‘2 பெட்ரூம், 24 மணி நேரத் தண்ணீர், மெட்ரோ ஸ்டேஷன் 5 நிமிட நடை.’ வீடு அதே பழைய வீடுதான். சுவருக்குப் புதிதாக வெள்ளை கூட அடித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கடைசி வரிக்காக வாடகையில் ஒரு தொகை ஏறியிருக்கும்.

ஒரு பகுதிக்கு ரயில் வருகிறது என்றால் இரண்டு பேச்சு கிளம்பும். ‘ஏரியா எங்கேயோ போயிடும், எல்லாருக்கும் நல்லது’ என்பது ஒன்று. ‘ஏழைகளைத் துரத்தத்தான் ரயிலே வருது’ என்பது மற்றது. கனடாவின் டொரண்டோ நகரத்தின் வடமேற்கில் வெஸ்டன் என்ற பகுதியில் குடியிருந்த காலத்தில் இரண்டையும் நிறையக் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ரயிலுக்கும் வாடகைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அந்த நடுப்பகுதியை, வெஸ்டனையே உதாரணமாக வைத்து, இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கிணறு

ஒரு தெருவில் பொதுப் பணத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு அந்தத் தெருவில் இரண்டு காரியங்கள் நடக்கும்.

ஒன்று, தண்ணீருக்காக நெடுந்தூரம் நடந்தவர்களின் நேரம் மிச்சமாகும். ஆனால் இறைக்கக் கயிறு வேண்டும், குடம் வேண்டும். கிணற்றுக்கு ஒரு கதவு போட்டுச் சாவியை யாரோ வைத்திருந்தால், அவர் திறக்கும் நேரத்தில் நாம் போக முடிய வேண்டும். இரண்டாவது, கிணற்றடி வீடுகளின் மதிப்பு ஏறும். கிணற்றை வெட்டியது வீட்டுச் சொந்தக்காரர் இல்லை. இருந்தாலும் ஏறிய மதிப்பு அவருடைய மண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதல் காரியத்துக்கு ‘அணுகல்’ என்று பெயர். கையில் இருக்கும் நேரத்துக்கும் பணத்துக்கும் உள்ளாக ஒருவர் எத்தனை வேலையிடங்களுக்கும், பள்ளிகளுக்கும், மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர முடிகிறது என்பதே அணுகல். இரண்டாவது காரியம் நிலமதிப்பு ஏற்றம். வாயில் நுழையும் பெயர் என்பதால் அதற்கு விளக்கம் வேண்டாம்.

இதுவரை சொன்னது: ரயில் நிறுத்தம் ஒன்று என்றாலும் அது செய்யும் வேலை இரண்டு. நேரம் மிச்சமாவது ஒருவருக்கு, மண் விலை ஏறுவது இன்னொருவருக்கு. இரண்டு பேரும் ஒருவராகவே இருந்தால் சிக்கல் இல்லை. சொந்த வீட்டுக்காரரும் அதே ரயிலில் போகிறார் என்றால் அவருக்கு இரட்டை லாபம். ஏழைப் பகுதிகளில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

வெஸ்டன் எப்படிப்பட்ட இடம்

வெஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தனிக் கிராமமாகப் பதிவான ஊர். ஹம்பர் ஆற்றங்கரையில், ரயில் பாதையை ஒட்டி வளர்ந்தது. சைக்கிள் செய்த சி.சி.எம். தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. அது 1980களில் மூடப்பட்டது. தெற்கே ஒட்டியுள்ள மவுண்ட் டென்னிஸில் கோடக் ஃபிலிம் தொழிற்சாலை 2005ல் மூடப்பட்டது. இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்ட வேலைகள் இப்படிப் போயின. வெஸ்டன்-மவுண்ட் டென்னிஸை நகராட்சி அதே 2005ல் கூடுதல் கவனம் தேவைப்படும் 13 பகுதிகளில் ஒன்றாக அறிவித்தது.

மரங்கள் நிறைந்த தெருக்களில் பழைய செங்கல் வீடுகள் ஒரு பக்கம். வெஸ்டன் சாலை நெடுக உயரமான வாடகை அடுக்குமாடிகள் மறுபக்கம். கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அதிகம். முடிவெட்டும் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, ஜெர்க் சிக்கன் வாசனை வரும் சாப்பாட்டுக் கடை. இந்த இரண்டு பக்கங்களை, சொந்த வீடுகளையும் வாடகை மாடிகளையும், மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை சுலபமாகப் புரியும்.

நிற்காமல் போகவிருந்த ரயில்

விமான நிலைய ரயில் மற்ற ரயில் மாதிரி இல்லை. சென்னையில் அந்த வித்தியாசம் தெரியாது. ஏனென்றால் 2016ல் மெட்ரோ மீனம்பாக்கம் விமான நிலையத்தைத் தொட்டபோது அது சாதாரண வழித்தடத்தில் இன்னொரு நிலையமாகத்தான் வந்தது. சாதாரணக் கட்டணம், வழி முழுக்க நிறுத்தங்கள். பல நாடுகளில் அப்படி இல்லை. நகர மையத்தில் ஏறினால் விமான நிலையத்தில்தான் இறங்க முடியும் என்று தனி ரயில் விடுவார்கள். கட்டணமும் கையில் சூட்கேஸ் வைத்திருப்பவர் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். லண்டனில் 1998ல் தொடங்கிய ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் அப்படித்தான் சவுத்தாலைத் தாண்டிப் பறந்தது. ஹீத்ரோவில் வேலை செய்பவர்கள் நிறையப் பேர் வாழும் இடம் அது. அங்கே நின்று ஹீத்ரோவுக்குப் போகும் ரயில் 2005ல்தான் வந்தது.

டொரண்டோவின் முதல் திட்டத்துக்குப் பெயர் ப்ளூ 22. நகர மையத்து யூனியன் நிலையத்திலிருந்து பியர்சன் விமான நிலையத்துக்கு 22 நிமிடம் என்பதால் அந்தப் பெயர். வெஸ்டன் வழியாகப் போகும், ஆனால் வெஸ்டனில் நிற்காது. நாள் முழுக்க டீசல் ரயில்கள் ஓடும், அதற்காக ஊரைக் குறுக்கே கடக்கும் தெருக்களை அடைப்பார்கள். கிணற்றுக் கணக்கில் சொன்னால், தோண்டும் மண்ணும் சத்தமும் உங்கள் தெருவுக்கு, தண்ணீர் அடுத்த தெருவுக்கு.

வெஸ்டன் மக்கள் சங்கம் சேர்ந்து எதிர்த்தார்கள். பெரிய கூட்டங்கள் நடந்தன. கேட்டவை மூன்று: ரயில் இங்கே நிற்க வேண்டும், பாதையைத் தாழ்த்தி ஊர் இரண்டாகப் பிளக்காமல் பார்க்க வேண்டும், டீசலுக்குப் பதில் மின்சாரம் வேண்டும். தனியார் கூட்டுத் திட்டம் முறிந்து 2010ல் அது மாகாண அரசின் போக்குவரத்து நிறுவனமான மெட்ரோலிங்க்ஸ் கைக்கு வந்தது. முதல் இரண்டும் பெருமளவு கிடைத்தன. தண்டவாளம் ஊர் மட்டத்துக்குக் கீழே இறங்கியது. ஜான் தெருவில் வண்டிகள் கடந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது நடைபாலம் மட்டும் இருக்கிறது. ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு பாலத்தில் ஏறும் அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கூட்டங்கள் நினைவுக்கு வரும். மின்சாரம் மட்டும் கிடைக்கவில்லை. ரயில் டீசலில்தான் ஓடத் தொடங்கியது.

ஆக, எந்த ரயிலும் தானாக ஒரு ஏழைப் பகுதிக்கு ‘வந்து’ விடுவதில்லை. அது நிற்பதா, கடந்து போவதா என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். கடந்து போனால் வாடகை ஏறாது என்று சிலர் நிம்மதி அடையலாம். ஆனால் சத்தமும் புகையும் மட்டும் மிச்சமாவது யாருக்கும் நல்லதில்லை.

கயிறும் குடமும்: 27.50 டாலர்

யூ.பி. (யூனியன்-பியர்சன்) எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் அந்த ரயில் 2015 ஜூன் 6 அன்று ஓடத் தொடங்கியது. 15 நிமிடத்துக்கு ஒன்று. யூனியனிலிருந்து பியர்சனுக்கு 25 நிமிடம். நடுவில் அப்போது ப்ளூர், வெஸ்டன் என்று இரண்டே நிறுத்தம். வெஸ்டனிலிருந்து விமான நிலையம் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

பியர்சன் வெறும் விமானம் ஏறும் இடமில்லை. சுமார் 50,000 பேர் வேலை செய்யும் இடம்: பெட்டி தூக்குவோர், துப்புரவுப் பணியாளர், சமையலறை ஊழியர், பாதுகாவலர். வெஸ்டனின் அடுக்குமாடிகளில் அந்தச் சீருடைகளைத் தினமும் பார்க்கலாம். அப்படியானால் இந்த நிறுத்தம் அவர்களுக்கு வரமாக இருந்திருக்க வேண்டும் இல்லையா?

தொடக்கத்தில் யூனியன்-பியர்சன் கட்டணம் ஒரு வழிக்கு 27.50 டாலர். பிரெஸ்டோ என்ற பயண அட்டை இருந்தால் 19. அந்த ஜூனில் ஒன்டாரியோ மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 டாலர். அதாவது ஒரு தடவை போக இரண்டரை மணி நேர உழைப்பு. நடுவில் ஏறுபவருக்குக் கட்டணம் குறைவுதான், ஆனாலும் பஸ்ஸோடு ஒப்பிட்டால் எட்டாத உயரம். லாரன்ஸ் சாலை வழியாக விமான நிலையம் போகும் பஸ்ஸுக்கு அப்போது ரொக்கமாகக் கொடுத்தால் 3 டாலர்.

எங்கள் கட்டடத்தில் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். ரயில் ஓடத் தொடங்கிய வாரம் லிஃப்டில் பார்த்து, “என்னக்கா, இனிமே ரயில்ல போகலாமே?” என்று கேட்டேன். “அது எங்களுக்கில்லைத் தம்பி. பெட்டி இழுத்துக்கொண்டு வாற ஆக்களுக்கு” என்றார்.

அவர் மட்டுமில்லை, பெட்டி இழுத்து வந்தவர்களும் அதிகம் ஏறவில்லை. முதல் வருட முடிவில் நாளுக்கு 5,000 பேர் என்று எதிர்பார்த்த ரயிலில் 2016 தொடக்கத்தில் சுமார் 2,000 பேர்தான் போனார்கள். 2016 மார்ச்சில் யூனியன்-பியர்சன் கட்டணத்தை 12 டாலராகவும், அட்டைக்கு 9 டாலராகவும் குறைத்தார்கள். கூட்டம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. தண்டவாளம் மாறவில்லை, ரயில் மாறவில்லை, நிலையமும் அதேதான். மாறியது கட்டணம் ஒன்றுதான். இதைவிடத் தெளிவான பாடம் இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாது: ஒரு நிறுத்தம் யாருக்கானது என்பதைக் கான்கிரீட் முடிவு செய்வதில்லை, டிக்கெட் விலை முடிவு செய்கிறது.

அப்புறம் நேரம். விமான நிலையத்தில் அதிகாலை 4 மணி, 5 மணிக்கே தொடங்கும் ஷிஃப்ட்கள் உண்டு. ரயிலோ நள்ளிரவு ஒரு மணி வாக்கில் ஓய்ந்து விடியற்காலையில்தான் மறுபடி கிளம்பும். அந்த இடைவெளியில் லாரன்ஸ் சாலையின் இரவு பஸ்தான் துணை. ஜனவரியில், உறைபனியில், பஸ் நிறுத்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் சீருடைக்கு மேல் இரண்டு கோட் போட்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து ரயில் நிலையம் கூப்பிடு தூரம்.

இதுவரை சொன்னது: நிறுத்தம் கட்டியதும் அணுகல் வந்துவிடாது. நிற்பது, கட்டணம், ஓடும் நேரம் மூன்றும் பொருந்த வேண்டும். மண் விலைக்கு இந்த மூன்றும் தேவையில்லை. அறிவிப்பு வந்தாலே போதும்.

வாடகை எப்படி ஏறுகிறது

பெரிய குழப்பம் இங்கேதான். ‘ஸ்டேஷன் வந்தது, வாடகை ஏறியது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஸ்டேஷனால் யாருடைய வாடகைச் சீட்டையும் திருத்த முடியாது. திருத்துவது வீட்டுக்காரர். அவர் எவ்வளவு திருத்தலாம் என்று சொல்வது சட்டம்.

ஒன்டாரியோவில் குடியிருப்பவரின் வாடகையை வருடத்துக்கு ஒருமுறை, அரசு அறிவிக்கும் சதவீதத்துக்குள்தான் ஏற்றலாம். 2023, 2024, 2025 மூன்று வருடமும் அது 2.5 சதவீதம். ஆனால் குடியிருப்பவர் காலி செய்துவிட்டால், அடுத்து வருபவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். வரம்பு ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு குடும்பம் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் மாதம் 1,200 டாலர் கொடுக்கிறது. அவர்கள் போனால் அதே வீட்டுக்கு 2,000 கிடைக்கும். நடுவில் 800 டாலர். இதை வாடகை இடைவெளி என்று சொல்லலாம்: இப்போது வரும் வாடகைக்கும், அந்த இடத்துக்கு வரக்கூடிய வாடகைக்கும் உள்ள தூரம். நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் 1979ல் நிலத்தைப் பற்றி முன்வைத்த கருத்தின் எளிய வடிவம் இது. நகராட்சியும் அரசும் பொதுப் பணத்தில் ஒரு ரயில் நிறுத்தம் கட்டுகின்றன. 2,000 கேட்கலாம் என்றிருந்த வீட்டுக்கு இப்போது 2,200 கேட்கலாம். குடியிருக்கும் குடும்பம் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை, அவர்கள் வாடகை 1,200தான். ஆனால் இடைவெளி 1,000 ஆகிவிட்டது. அவர்கள் அங்கே இருப்பதே வீட்டுக்காரருக்கு மாதம் ஆயிரம் டாலர் நட்டமாகத் தெரியத் தொடங்கும்.

அந்த எண்ணம் தலையெடுத்த பிறகு சமையலறைக் குழாய் ஒழுகினால் சரிசெய்ய நாளாகும். ‘கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறோம், காலி செய்யுங்கள்’ என்று நோட்டீஸ் வரலாம். கொஞ்சம் பணம் தருகிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று பேசலாம். எல்லா வீட்டுக்காரரும் இப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்தால் லாபம் என்ற நிலையை இடைவெளி உண்டாக்குகிறது, அவ்வளவே. வருமானம் குறைந்தவர்கள் போய் வருமானம் கூடியவர்கள் வந்து ஒரு பகுதியின் முகமே மாறுவதை ஜென்ட்ரிஃபிகேஷன் என்கிறார்கள். அது ஒரே நாளில் லாரி வைத்து நடப்பதில்லை. ஒரு வீடு காலியாகும்போது ஒரு வீட்டில் நடக்கிறது.

ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடம்

வெஸ்டன் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கிங் தெரு 33ஆம் எண்ணில் ஒரு பழைய அடுக்குமாடி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஜான் தெரு 22ஆம் எண்ணில் ஒரு புதிய கோபுரம். ரயில் வந்த பிறகு எழுந்த கட்டடம் அது. கீழ்ப்பகுதியில் கலைஞர்களுக்கான இடங்களும், எதிரே சனிக்கிழமைச் சந்தைக்கான வெளியும் கொண்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இரண்டுக்கும் சட்டம் வேறு. பழைய கட்டடத்துக்கு மேலே சொன்ன வருட வரம்பு உண்டு. ஆனால் பெரிய பராமரிப்புச் செலவைக் காட்டித் தீர்ப்பாயத்தில் அனுமதி வாங்கினால் வரம்புக்கு மேலும் கொஞ்சம் ஏற்றலாம். புதிய கட்டடத்துக்கு வரம்பே இல்லை. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு ஒன்டாரியோ அந்த விலக்கைக் கொடுத்திருக்கிறது.

2023 ஜூனில் பழைய கட்டடத்தின் குடித்தனக்காரர்கள், வரம்புக்கு மேற்பட்ட உயர்வுகளை எதிர்த்து, வாடகை கொடுப்பதை நிறுத்திப் போராட்டம் தொடங்கினார்கள். அக்டோபரில் புதிய கட்டடத்தில் இருந்தவர்களும் சேர்ந்தார்கள். இரண்டு கட்டடமும் ரயிலுக்கு ஒரே தூரம். இரண்டிலும் கோபம் வந்தது, இரண்டிலும் வந்த வழி வேறு. ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்டாரியோவில் கடை வாடகைக்கு வரம்பு எதுவும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்ததும் கேட்டது கேட்டதுதான். குடியிருப்பவர்கள் அப்படியே இருக்க, அவர்கள் முடிவெட்டிய கடை மட்டும் காணாமல் போவது அதனால்தான் நடக்கிறது.

எல்லாம் ரயிலால்தானா?

இல்லை. 2015க்குப் பிறகு டொரண்டோ முழுக்கவே வீட்டு விலையும் வாடகையும் ஏறின. ரயிலே போகாத பகுதிகளிலும் ஏறின. வெஸ்டனில் ஏறியதை முழுக்க நிறுத்தத்தின் தலையில் கட்டினால் கணக்கு தப்பு. சரியாகப் பார்க்க வேண்டுமானால் வெஸ்டனைப் போலவே வருமானமும் கட்டடங்களும் உள்ள, ஆனால் நிறுத்தம் இல்லாத ஒரு பகுதியைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கே எவ்வளவு ஏறியது, இங்கே எவ்வளவு ஏறியது, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? அந்த வித்தியாசம்தான் ரயிலின் பங்கு. மழை பெய்த நாளில் வயலுக்குத் தண்ணீரும் பாய்ச்சிவிட்டு, ஈரம் முழுக்கப் பம்புசெட்டால் வந்தது என்று சொல்ல முடியாதல்லவா?

விலை ஏற்றம் திறப்பு விழாவுக்குக் காத்திருப்பதும் இல்லை. அறிவிப்பு வந்த நாளிலேயே மனை வாங்குபவர்கள் வந்துவிடுவார்கள். திறந்த அன்று தொடங்கி அளந்தால் பாதி ஏற்றம் கணக்கில் வராமலே போகும்.

கிடைத்த நிறுத்தம் நிலைக்குமா

2025 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது: யூ.பி. ரயில்களில் ஒன்று விட்டு ஒன்று ப்ளூரிலும் வெஸ்டனிலும் நிற்காது, நேராக விமான நிலையம் போகும். வெஸ்டனுக்கு 15 நிமிடத்துக்கு ஒன்று என்பது அரை மணிக்கு ஒன்று ஆகியிருக்கும். இருபது வருடத்துக்கு முந்தைய அதே சண்டை, அதே வாதம். இந்த முறை மக்கள் உடனே குரல் கொடுத்தார்கள், நடைமுறைக்கு வரும் முன்பே அது திரும்பப் பெறப்பட்டது. பாதி ரயில்கள் நிற்காமல் போயிருந்தால் வெஸ்டனின் அணுகல் அன்றே குறைந்திருக்கும். ஏறிய வாடகை எதுவும் பாதியாக இறங்கியிருக்காது.

அந்த அக்காவைப் போன வருடம் பார்த்தேன். கட்டணம் குறைந்ததிலிருந்து மத்தியான ஷிஃப்டுக்கு ரயிலில்தான் போகிறாராம், அதிகாலை ஷிஃப்டுக்குப் பழைய பஸ்தான். முழங்கால் வலி. லிஃப்ட் பழுதானால் பதினோராம் மாடி ஏற முடியவில்லை. அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. “கேட்டுப் பார்த்தீங்களாக்கா?” என்றேன். கேட்டாராம். அதே அளவு வீடு. புது ஒப்பந்தம் என்பதால் வாடகை இப்போது கொடுப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொன்னார்களாம். அவர் பதினோராம் மாடியிலேயே இருக்கிறார்.